மயிரிழை இடைவெளி

மோட்டார் எஞ்சினின் உள்ளே சுழலும் ஒரு தண்டுக்கு அரபு மொழியில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஐரோப்பியச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு ‘அமூதுல் காமாத்’ என்பார் ஒரு சாரார். தம் மொழியிலேயே சொல் தேடியவர்கள் ‘அமூதுல் ஹதபாத்’ என்றனர். ‘ஹதபா’ என்றால் கூன், திமில். ஆக, அது திமில்கள் உடைய தண்டு. நம் பட்டறைகளில் ‘கேம் ஷாஃப்ட்’ என்றே சொல்லுகிறோம், பாதகமில்லை. ஆயினும் திமில் என்ற சொல்லைக் கேட்டதும் பொருள் கண்ணுக்கு முன் வந்து நிற்கிறது. உருண்டையான தண்டு; அதில் வரிசையாகச் சில இடங்கள் மட்டும் காளையின் திமில்போல் புடைத்திருக்கின்றன. தண்டு சுழலும்போது திமில் வந்து கீழே உள்ள வால்வை அழுத்துகிறது, வாசல் திறக்கிறது. திமில் கடந்து போனதும் வில் சுருள் வால்வைத் தூக்கிவிடுகிறது; வாசல் மூடுகிறது. எஞ்சின் மூச்சு வாங்குவதும் விடுவதும் இந்தத் திமில்களின் வடிவத்தைப் பொறுத்தவையே.

பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் காலம் கழித்தவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இந்தத் தண்டைப் பற்றி நான் அறிய நேர்ந்தது ஒரு குடும்ப வழக்கின் பொருட்டு. வழக்கைத் தீர்ப்பதற்கு முன் வழக்குப் பொருளை அறிவது முறையல்லவா?

கீழக்கரையில் இருக்கும் என் தங்கையின் மகன் மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கிப் பொறிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறான். தகப்பன் இல்லாத பிள்ளை. அவன் அனுப்பும் பணத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அவனுடைய தங்கைக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த சமயம் அது. 2023ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில் நான் மலேசியா செல்ல நேர்ந்தபோது, என் தங்கை ஒரு பொறுப்பை என் தலையில் வைத்தாள். “காக்கா, இவன் ஒரு பழைய காரை வச்சுக்கிட்டுப் பணத்தையெல்லாம் அதுலயே கொட்டுறானாம். நீங்க சொன்னாக் கேப்பான். அதை வித்துடச் சொல்லுங்க” என்றாள்.

நான் சரியென்றும் சொல்லவில்லை; மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ‘இஸ்ராஃப்’ என்னும் வீண் விரயத்தைத் திருமறை கடிகிறது என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால் எது விரயம் என்று தீர்மானிக்க, செலவின் தொகையைப் பார்ப்பது மட்டும் போதாது. எதற்காக, யாருடைய உரிமையிலிருந்து, எந்த விதத்தில் என்ற மூன்றையும் விசாரிக்க வேண்டும். பிக்ஹுப் பாடம் நடத்துகிறவனுக்கு இது பழகிப்போன ஒழுங்கு.

கிள்ளானில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகையில் அந்தக் கார் நின்றது. பழைய டொயோட்டா கொரோல்லா. அதனுள் இருந்த எஞ்சின் 4ஏ-ஜிஇ என்ற வகை. 1587 கன செண்டிமீட்டர் கொள்ளளவு, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, உட்புகும் வால்வுகளுக்கு ஒன்றும் வெளியேறும் வால்வுகளுக்கு ஒன்றுமாக இரண்டு திமில் தண்டுகள். 1983இல் வெளிவந்த கொரோல்லா ஏஇ86 காரில் இடம்பெற்றுப் பெயர் பெற்றது இந்த எஞ்சின். ஜப்பானில் கழிக்கப்பட்ட கார்களை நடுவே அறுத்து, முன்பாதியை எஞ்சினோடு கப்பலேற்றி அனுப்புவது உண்டு. மலேசியாவில் அதனை ‘ஹாஃப் கட்’ என்பார்கள். அப்படி வந்த ஒன்றைத்தான் அவன் வாங்கிப் பொருத்தியிருந்தான். வேலைக்குப் போய்வர அவனிடம் மோட்டார் சைக்கிள் உண்டு. இந்தக் கார் தெருவில் ஓடுவதில்லை. செப்பாங்கில் 1999இல் திறக்கப்பட்ட, 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடத்தில், கட்டணம் செலுத்தி ஓட்ட அனுமதிக்கும் நாள்களில் மட்டும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுவான்.

அவ்வெஞ்சினின் திமில் தண்டுகளை மாற்ற அவன் முனைந்திருந்த வேளையில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். துறைமுகத்துப் பெரும்பொறிகளில் கைபழகியவன்தான் எனினும், இந்த வேலை அவனுக்கு முதல் தடவை. “மாமா, நீங்க விளக்கைப் பிடிச்சுக்கிட்டு, நான் சொல்ற அளவை நோட்டுல எழுதிக்கிட்டு வந்தாப் போதும்” என்றான். நானும் ஒரு கணக்கப்பிள்ளையாக அமர்ந்தேன்.

தண்டை ஏன் மாற்ற வேண்டும் என்றே முதலில் கேட்டேன். அவன் கூறியதை என் மொழியில் தருகிறேன். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும்போது காற்றும் எரிபொருளும் உள்ளே வருகின்றன. அந்த இறக்கம் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியில் 180 பாகை. புதிய தண்டோ வால்வை 264 பாகைக்குத் திறந்து வைப்பது. எஞ்சிய 84 பாகை எங்கே போகிறது? பிஸ்டன் இறங்கத் தொடங்கும் முன்னரே வாசல் சிறிது திறக்கிறது. இறங்கி முடிந்து மேலே ஏறத் தொடங்கிய பின்னரும் சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. நிமிடத்திற்கு 7000 சுற்று என்னும் வேகத்தில் அந்த 264 பாகைக்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஆறு பங்குக்குச் சற்று மேல். அவ்வளவு வேகத்தில் ஓடிவரும் காற்று, பிஸ்டன் திரும்பிவிட்டது என்பதற்காக உடனே நின்றுவிடுவதில்லை. வந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே நிறைகிறது. ஆகவே தாமதித்து மூடுவது அங்கே ஆதாயம். மெதுவாக ஓடும்போதோ காற்றுக்கு அந்த உந்துதல் இல்லை. தாமதித்து மூடினால் உள்ளே வந்ததும் வந்த வழியே வெளியே தள்ளப்படும். அங்கே அதே தாமதம் நட்டம்.

இதனைக் கேட்டபோது எனக்குத் தஜ்வீதுப் பாடம் நினைவுக்கு வந்தது. ‘மத்து’ என்னும் நீட்டல் ஓதும் கலையின் அழகுகளில் ஒன்று. இயல்பான நீட்டலுக்கு இரண்டு மாத்திரை. காரணம் பற்றி நீளுவதற்கு நான்கு அல்லது ஐந்து. கட்டாய நீட்டலுக்கு ஆறு. குரல் நன்றாயிருக்கிறது என்பதற்காக இரண்டு நிற்க வேண்டிய இடத்தில் ஆறு நீட்டினால் அது இனிமை ஆகாது, பிழையாகும். நீட்டல் நன்றா தீதா என்பதை இடமே தீர்மானிக்கிறது. இதை அவனிடம் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “அப்படின்னா இந்தத் தண்டு ஆறு மாத்திரைக்காரன் மாமா. கடைத்தெருவுக்குப் போக உதவ மாட்டான்” என்றான். உண்மையே. தண்டு மாற்றிய பின் எஞ்சின் நின்ற நிலையில் ஓடும்போது நடுங்கியது. அணையாமல் இருக்க அதன் சுற்றைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டியதாயிற்று. தாழ்ந்த வேகத்தில் இழுவை குறைந்தது. உயர் வேகத்தில்தான் பலன். ஒன்றைக் கொடுத்தே ஒன்றைப் பெற முடியும் என்னும் நியதிக்கு இயந்திரமும் விலக்கல்ல.

இன்னொரு நுட்பமும் எனக்கு வியப்பளித்தது. அவன் வாங்கியது புதிதாக வார்த்த தண்டு அன்று. பழைய தண்டையே கடைந்து வடிவம் மாற்றியது. இரும்பைக் கடையும்போது குறைக்கலாமே தவிரக் கூட்ட இயலாது. அப்படியிருக்கத் திமிலின் உயரம் கூடுவது எங்ஙனம்? திமிலைச் சுற்றியுள்ள வட்டத்தைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். முதுகு தாழ்ந்ததால் திமில் உயர்ந்து காண்கிறது. மனிதருள்ளும் இப்படி உயர்ந்து காண்பவர்கள் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அது வேறு கதை.

முதுகு தாழ்ந்ததனால் ஒரு சிக்கல் பிறக்கிறது. திமிலின் முதுகுக்கும் அதன் கீழுள்ள வால்வு மூடிக்கும் இடையே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும். சூடேறினால் உலோகம் நீளும். அதற்கு இடம் விட்டு வைப்பது அது. இந்த எஞ்சினில் உட்புகும் வால்வுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், வெளியேறும் வால்வுக்கு 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர். இடைவெளி மிகக் குறைந்தால் சூட்டில் வால்வு முழுதும் மூடாது. அனல் அதன் விளிம்பைத் தின்றுவிடும். மிகக் கூடினால் திமில் வந்து வால்வைத் தட்டித் திறக்கும். வால்வும் இருக்கையில் அடித்துக்கொண்டு மூடும். சத்தத்தோடு தேய்மானமும் வரும். இந்த இடைவெளியைச் சரிசெய்ய ஒவ்வொரு வால்வின் தலையிலும் காசு போன்ற ஓர் எஃகு வில்லை இருக்கிறது. ‘ஷிம்’ என்பார்கள். 0.05 மில்லிமீட்டர் படிகளில் வெவ்வேறு கனத்தில் கிடைக்கிறது. முதுகு தாழ்ந்த தண்டுக்குக் கனமான வில்லை வேண்டும்.

வேலை நடந்த முறையைச் சுருங்கச் சொல்லுகிறேன். முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, டைமிங் பெல்ட்டைக் கழற்றினான். தண்டுகளை அமுக்கிப் பிடித்திருக்கும் மூடிகளின் போல்ட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக மாறி மாறித் தளர்த்தினான்; ஒருபக்கம் விடுபட்டு மறுபக்கம் இறுகியிருந்தால் வில் சுருள்களின் விசை தண்டையே முறித்துவிடக் கூடுமாம். மூடிகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பி வைத்தான்; ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. புதிய தண்டுகளுக்குக் கெட்டியான மசகு பூசி இருத்தி, பழைய வில்லைகளோடு பதினாறு இடைவெளிகளையும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளால் அளந்தான். நான் எழுதினேன். பின்பு கணக்கு: இருக்கும் வில்லையின் கனத்தோடு, அளந்த இடைவெளிக்கும் வேண்டிய இடைவெளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டினால் தேவையான வில்லையின் கனம் கிடைக்கும். மூன்றாம் சிலிண்டரின் வெளியேறும் வால்வு ஒன்றில் பழைய வில்லை 2.70, இடைவெளி 0.58, வேண்டியது 0.25. ஆக 3.03, கிடைக்கும் படியில் 3.05. இப்படியே பதினாறுக்கும் பட்டியல் எழுதி வில்லைகளை வரவழைத்தான்.

பொட்டலம் வந்தது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குச் செப்பாங் தடத்தில் ஓட்டக் கட்டணம் கட்டியாயிற்று. திரும்பக் கிடைக்காத பணம். நண்பர்கள் மூவர் உதவிக்கு வந்திருந்தனர். அவன் ஒவ்வொரு வில்லையையும் பொருத்துமுன் மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தான். “மேலேதான் அளவு எழுதியிருக்கிறதே” என்றார் ஒருவர். அவன் பதில் சொல்லவில்லை, அளந்துகொண்டே போனான். பதினைந்து சரியாயிருந்தன. 3.05 என்று எழுதியிருந்த ஒன்று மட்டும் 2.90 காட்டியது. மூன்று தடவை அளந்தான், 2.90தான்.

அதனைப் பொருத்தினால் இடைவெளி 0.38. எல்லையைக் கடந்தது 0.08 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமயிரின் கனம். நண்பர் ஒருவரிடம் 3.20 வில்லை ஒன்று இருந்தது. அதனைப் பொருத்தினால் இடைவெளி 0.08, சத்தமே இராது, ஆனால் சூட்டில் வால்வு கருகும். “2.90ஐயே போடு. கொஞ்சம் டிக் டிக் என்று சத்தம் வரும், அவ்வளவுதான். ஒரு நாள் ஓட்டத்தில் என்ன ஆகிவிடும்? யாருக்குத் தெரியப் போகிறது?” என்றனர். அவர்கள் சொன்னது முற்றிலும் பொய்யன்று. ஒரு நாளில் எஞ்சின் உடைந்திருக்காது என்பதை அவனும் ஒப்புக்கொண்டான்.

நான் வாய் திறக்கவில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது சாட்சிக்குச் சொல் எடுத்துக் கொடுப்பது முறையன்று.

அவன் சற்று நேரம் அந்த வில்லையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு எழுந்து எஞ்சினின் மேல் சுத்தமான துணியைப் போர்த்தினான். “சரியானது வரட்டும்” என்றான். ஞாயிற்றுக்கிழமைப் பணம் போயிற்று. நண்பர்கள் சற்று மனத்தாங்கலோடு சென்றனர். வில்லை வந்து சேர மேலும் பதினொரு நாள் ஆயிற்று.

அந்தப் பதினொரு நாளும் எனக்கு ஓய்வாயின. ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல், தியார்பக்கிரில் அர்துக்கிய மன்னரின் ஆதரவில் அல்ஜஸரீ என்னும் பொறியறிஞர் எழுதி முடித்த நூலைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். ஐம்பது கருவிகளின் அமைப்பை அதில் விவரிக்கிறார். நீர்க் கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள், விருந்து மண்டபத்தில் தாமே இசைக்கும் பொம்மைகள் எல்லாம் அதில் உண்டு. படகில் அமர்ந்த இசைக்காரப் பொம்மைகளின் கைகளை அசைப்பது எது? சுழலும் உருளையில் புடைத்து நிற்கும் முளைகள். அவை நெம்புகோலை அழுத்த, பொம்மையின் கை பறையைத் தட்டுகிறது. திமில் தண்டின் தத்துவம் இதுவே. அதை முதன்முதலில் கண்டவர் அவரே என்று நாம் பெருமை பேச வேண்டியதில்லை. கிரேக்கரிடமும் சீனரிடமும் அதற்கு முன்பே இத்தகைய அமைப்புகள் இருந்தன. அல்ஜஸரீயின் சிறப்பு வேறு. ஒவ்வொரு பாகத்தின் அளவையும், அதைச் செய்யும் முறையையும், பிறர் செய்து பார்க்கக் கூடிய வகையில் எழுதி வைத்தார். செய்து பார்க்காத கல்வியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. டொனால்டு ஹில் என்ற ஆங்கில அறிஞர் 1974இல் அந்நூலை மொழிபெயர்த்தார். 1979இல் அலெப்போவில் அரபு மூலம் செப்பமாக அச்சாயிற்று. மதரஸாக்களில் நாம் மன்திக்கும் பலாகத்தும் ஓதுகிறோம். அரபியில் இப்படியும் ஒரு கிதாபு உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்லுவோர் அருகியே காணப்படுகின்றனர்.

அந்நாள்களில் ஓர் இரவு அவனிடம் நேராகவே கேட்டேன். “உன் உம்மா என்னிடம் ஒரு பொறுப்புக் கொடுத்திருக்கிறாள். உன் கணக்கைக் காட்டு.” அவன் முகம் சுளிக்காமல் ஒரு நோட்டை எடுத்து வந்தான். ஒவ்வொரு மாதமும் முதல் வரியில் வீட்டுக்கு அனுப்பிய தொகை. இரண்டாம் வரியில் தங்கையின் நிக்காஹுக்கென ஒதுக்கியது. மூன்றாவது வாடகையும் சாப்பாடும். கடைசி வரியில் காருக்கு. சில மாதங்களில் கடைசி வரி வெறுமையாக இருந்தது. இரண்டு ஆண்டில் சிறுகச் சிறுகச் சேர்த்ததே இந்தத் தண்டு. “உம்மாவுக்கு ஏன் இதைச் சொல்லவில்லை?” என்றேன். “கணக்குக் காட்டினா, மகன் கணக்குப் பாக்குறான்னு நினைப்பாக மாமா” என்றான்.

பிறர் உரிமை எதுவும் குறையவில்லை. தெருவில் எவருடைய உயிருக்கும் அது இடையூறு செய்யவில்லை. மூன்றாவது கேள்விக்கு அந்த 2.90 வில்லையே பதில் சொல்லிவிட்டிருந்தது. ‘இத்கான்’ என்றொரு சொல் நம்மிடையே வழங்குகிறது. எடுத்த காரியத்தைச் செம்மையுறச் செய்து முடித்தல் என்பது அதன் பொருள். தொழுகையில் நிறுத்தி நிதானித்து நிற்பதற்கும் அதுவே பெயர். ஒரு வில்லைக்காகப் பதினொரு நாள் காத்திருப்பதற்கும் அதுவே பெயர். அளவில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் ‘முதஃப்ஃபிஃபீன்’ என்ற பெயரோடு இருக்கிறது. அதனைத் தானியக் கடைக்காரருக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். 3.05 என்று எழுதி 2.90ஐ உள்ளே வைப்பதும் அளவில் குறைப்பதல்லவா? தெரிந்தே அதை வாங்கிப் பொருத்திவிட்டு மூடியைப் போடுவது, குறைந்த மரக்காலை நாமே நமக்குப் பிடிப்பதல்லவா?

சரியான வில்லை வந்தது. முதலில் மைக்ரோமீட்டர், 3.05. பொருத்தி அளந்தபோது இடைவெளி 0.23. நான் எழுதினேன். பெல்ட்டை மாட்டிய பின் சாவியைத் தொடவே இல்லை. ஸ்பானரால் கிராங்க் ஷாஃப்டைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று மெல்லத் திருப்பினான். அது இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் திமில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். எங்கேனும் வால்வும் பிஸ்டனும் மோதுமானால் கை அதை அறிந்து நின்றுவிடும். மோட்டாரின் விசைக்கோ நிற்கத் தெரியாது. எங்கும் தடையில்லை. குறிகள் பழைய இடத்துக்கே வந்து பொருந்தின. அதன் பிறகுதான் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி எஞ்சினை எழுப்பினான். புதுத் திமில்களும் மூடிகளும் ஒன்றோடொன்று பழகுவதற்காக இருபது நிமிடம் 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட விட்டான். வேகத்தின் சுகம் எனக்குத் தெரியாது. ஆனால் பதினாறு வால்வுகளும் ஒரே சீராகத் தட்டிய அந்த ஓசை, நன்றாக மனனமிட்ட பிள்ளைகள் ஒருமித்து ஓதுவதுபோல் காதுக்கு இதமாக இருந்தது.

அன்றிரவு தங்கையுடன் தொலைபேசியில் பேசினேன். நோட்டில் கண்டதைச் சொன்னேன். காரை விற்கச் சொல்லப் போவதில்லை என்பதையும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “நீங்களும் அவனோட சேர்ந்துட்டியளா காக்கா?” என்றாள். குரலில் பாதி கோபம், பாதி அழுகை. “பிள்ளை வேகமா ஓட்டுறானேங்கிற பயம் எனக்கு. பணமா பெருசு?” என்றாள். அதுவரை அவள் சொல்லாத சொல் அது. வழக்கின் வேர் பணத்தில் இல்லை. கணவனை இழந்தவளின் அச்சத்தில் இருந்தது.

அந்த அச்சத்தை நீக்கும் வல்லமை எனக்கில்லை. தடத்தில் தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் கட்டாயம் என்பதைச் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை. பிறகு அந்த வில்லையின் கதையைச் சொன்னேன். கட்டிய பணத்தை விட்டுவிட்டு, நண்பர்கள் பேச்சைக் கேளாமல், ஒரு மயிரிழைக்காகப் பதினொரு நாள் காத்திருந்ததைச் சொன்னேன். “அவசரப்படத் தெரியாதவன்தான் உன் மகன்” என்றேன். அவள் நம்பினாளா என்று சொல்ல முடியாது. “ஓட்டப் போறதுக்கு முந்தி எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. நான் ஓதிக்கிட்டு இருக்கேன்” என்று மட்டும் கூறினாள். அந்த நிபந்தனையை மருமகனிடம் தெரிவித்தேன். அளவுகள் எழுதிய நோட்டை வாங்கி, 0.23 என்ற கடைசி வரிக்குக் கீழே, அவன் கைப்படவே அதையும் எழுதிக்கொண்டான்.